யு.பி.எஸ். கத்தவில்லை

ஆகஸ்ட் 6, புதன்

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், மெகர். ஆட்லின் தூங்கவே பத்தரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பாத்திரம் கழுவி, துணி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் அணையும் ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, எப்படி அணைந்தது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது, யார் யார் இருந்தார்கள், அத்தனையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். கோயம்புத்தூரில் உன் ஆபீசுக்குக் கெட்டுப்போன டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடமும் முதலில் இதைத்தான் கேட்பாயாம். சரி, காலேஜில் ரெக்கார்டு நோட்டுக்குப் போட்ட மாதிரியே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுவிட்டேன்.

முதலிலிருந்து எழுதச் சொன்னாய். ஜூனில் ஆட்லின் யு.கே.ஜி. போன இரண்டாம் வாரம் மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். எண்ணிக்கொண்டே வருகிறவள் நடுவில் நின்றுவிடுகிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை, இருபதுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறாள் என்று சொன்னார்கள். அடம் என்று நினைத்து வெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு வீட்டில் நானே பார்த்தேன். கையில் இட்லித் துண்டு அப்படியே இருக்கிறது. கண் மேலே போகிறது, இமை படபடக்கிறது. பத்துப் பன்னிரண்டு நொடி. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொள்கிறாள்.

இங்கே குழந்தை டாக்டர், மதுரையில் பிள்ளைகளுக்கு நரம்பு பார்க்கிற பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். 28ஆம் தேதி வியாழக்கிழமை நாள் கிடைத்திருக்கிறது. அதை விட்டால் டிசம்பர். அவளுக்கு அப்படி வருவதைப் படம் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். படம் இல்லாவிட்டால் டாக்டர் முன்னால் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள், வெறும் பேச்சை வைத்து எந்த மருந்தைத் தொடங்குவது என்றார்கள்.

போனை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரில், கொரோனா காலத்தில் வாங்கிய கேமராவை அவள் எழுதும் மேசையைப் பார்த்து மாட்டி, நாலிலிருந்து ஏழு வரை ஓடவிடுகிறேன்.

இன்று: மாலை 5.40. எச்சரிக்கை ஏதுமில்லை, பட்டென்று அணைந்தது. கிரைண்டர் ஓடியது. வீட்டில்: நான் அடுக்களையில், ஆட்லின் மேசையில், அவள் அப்பா கிங்ஸ்லி ஹாலில். அவருக்கு இந்த வாரம் ஏ ஷிப்ட், காலை ஆறிலிருந்து இரண்டு. திரும்ப ஆன் செய்தேன். இன்றைய பதிவு திறக்கவில்லை. ஐந்து இருபதுக்கு அவளுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். படம் இல்லை. நாலு நாளில் இது மூன்றாவது தடவை.

ஆகஸ்ட் 7, வியாழன்

அணையவில்லை. ஆட்லினுக்கும் வரவில்லை. காலையில் கிங்ஸ்லி மணிக்கட்டில் சூடான டீயைக் கொட்டிக்கொண்டார். தூக்கக் கலக்கமாம். தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சேர்மக்கனி அண்ணன் வந்தார். மூன்றாம் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். பெட்டியைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினார். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு மிஷினைக் குறை சொல்லக்கூடாதாம். “இந்த ஊரு உப்புக்காத்துல மனுசனே துருப்பிடிச்சுப் போறான் தங்கச்சி, இது என்ன செய்யும்?” என்றார்.

ஆட்லினின் அழிரப்பரை வாங்கி ரேம் என்கிற சின்னப் பலகையின் தங்கப் பல்லை எல்லாம் தேய்த்து மாட்டினார். ரப்பர் கறுத்துவிட்டது என்று அவள் ஒரு மணி நேரம் அழுதாள். உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் மாற்றினார். யு.பி.எஸ். ஒன்று வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் நிற்காது என்று தன் கடையிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கிங்ஸ்லி கூடவே நின்று டார்ச் அடித்தார். இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும், போனில் எடுத்தால் போதாதா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

மாலை 6.05. பட்டென்று அணைந்தது. மிக்ஸி ஓடியது. வீட்டில்: மூன்று பேரும்.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். “ஏட்டி பியூலா, யு.பி.எஸ். இருக்கப்ப கரண்டு போனா அது கீச்சு கீச்சுன்னு கத்தணும். கத்துச்சா?”

கத்தவில்லை. மிக்ஸி சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். ஆனால் மற்ற எல்லாம் எரிந்தது. மின்விசிறியும் நிற்கவில்லை.

மதுரையிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. கிங்ஸ்லி தானே நிரப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் கையெழுத்து நன்றாக இருக்கும். நாலாவது கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு உண்டா? ‘இல்லை’ என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார். வேறு எந்தப் பதிலுக்கும் கோடு போடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். நாசரேத்திலிருந்து அத்தை போன் பேசினார்கள். பிள்ளையை டாக்டர் டாக்டராகத் தூக்கிக்கொண்டு அலையாதே, சர்ச் ஐயரிடம் சொல்லி ஜெபம் பண்ணு என்றார்கள். கிங்ஸ்லியும் சின்னதில் இப்படித்தான் கண்ணை முழித்துக்கொண்டே தூங்குவானாம், பெரியவனானதும் தன்னால் போய்விட்டதாம். நான் மேலே கேட்பதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். சிக்னல் சரியில்லையாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு நாளாக அணையவில்லை. அழிரப்பர் வேலை செய்கிறது போலிருக்கிறது. சேர்மக்கனி அண்ணனுக்கு ஒரு நமஸ்காரம்.

கிங்ஸ்லிக்கு இந்த வாரம் பி ஷிப்ட். மதியம் ஒன்றேகாலுக்குக் கம்பெனி வேன் வரும், வீடு திரும்பப் பத்தே முக்கால் ஆகும். பைக்கைத் தம்பியிடம் கொடுத்து ஆறு மாதமாகிறது. இடுப்பு வலிக்கு வேன்தான் நல்லதாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிடைத்துவிட்டது மெகர். 4.52க்கு ஒன்று, 6.17க்கு ஒன்று. முதலாவதில் முகம் நேராகத் தெரிகிறது. பதினோரு நொடி. கையில் பச்சைக் கலர் பென்சில், வாத்துக்குப் பாதி உடம்பு பூசியிருக்கிறாள், பென்சில் காகிதத்தில் நிற்கிறது, கண் போகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தன் பிள்ளைக்கு வலிப்பு வந்த படம் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுகிற ஒருத்தி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அவர் வந்ததும் காட்டினேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் பார்த்தார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பாவம், துறைமுகத்துக் கிரேனில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற மனுஷன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போய்விட்டது. வாரம் முழுக்க எடுத்த எல்லாமே. ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை. காலை ஆராதனைக்கு நானும் ஆட்லினும் மட்டும் போயிருந்தோம். அவருக்குத் தலைவலி. வந்து பார்த்தால் இப்படி.

வைரஸ்தானே இது? வைரஸ் என்று சொல் மெகர்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்தப் பக்கத்தை உனக்கு அனுப்பப்போவதில்லை.

இன்டர்நெட் வழியாகப் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை, போனதை மீட்க வழியில்லை என்றாய். திடீரென்று அணைவது ஒரு வியாதி, ஃபைல் காணாமல் போவது வேறு வியாதி, இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே என்றாய். அப்புறம் கேட்டாய்: “போன வாரம் ஒரு தடவைகூட அணையல. ஏன் அணையல? நீ போட்ட கட்டத்துல வீட்டுல யாருன்னு ஒண்ணு இருக்குல்ல, அத மட்டும் மேலருந்து கீழ வாசி.”

வாசித்தேன். வோல்டேஜ்தான் காரணமாக இருக்கும். முந்தின வாரம் எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வேலை நடந்தது.

மாவு தீர்ந்துவிட்டது. நாளைக்கு அரைக்க வேண்டும். ஆட்லினின் சாக்ஸ் ஒன்றைக் காணவில்லை. அவருடைய வைட்டமின் டப்பாவில் இரண்டு வித மாத்திரை இருக்கிறது. ஒன்று வைட்டமின். இன்னொன்று கேஸ் மாத்திரை என்றார். அட்டையிலிருந்து பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார், பெயர் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நீ சொன்ன மாதிரி எல்லாம் மாற்றிவிட்டேன். இனி நடுவில் அணைந்தாலும் அதுவரை பதிவானது கெடாது. பதிவாகப் பதிவாகவே இன்டர்நெட் வழியாக உன்னிடத்துக்கும் ஒரு பிரதி வந்துவிடும். உன்னிடம் மூன்று நாள்தான் நிற்கும், பிறகு தானாக அழிந்துவிடும், அதற்குள் நான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சரி.

வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்றாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

அவருக்கு சி ஷிப்ட். இரவு ஒன்பதுக்குப் போனால் காலை ஆறரைக்கு வருகிறார். மாலையெல்லாம் வீட்டில்தான். நேற்று வேனிலிருந்து எங்கள் தெருவில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் நடந்து வந்தார். கண்ணயர்ந்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாலை 5.12. பட்டென்று அணைந்தது. எதுவும் ஓடவில்லை. நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில்: ஆட்லின், கிங்ஸ்லி.

யு.பி.எஸ். கத்தவில்லை. இன்று மிக்ஸி இல்லை. மாடிக் கதவு திறந்திருந்தது. கத்தியிருந்தால் கேட்டிருக்கும்.

இறங்கி வந்து ஆன் செய்தேன். இன்றைய ஃபோல்டரில் ஒன்றுமில்லை. இங்கே ஒன்றுமில்லை என்கிறேன். உன்னிடம்?

ஆகஸ்ட் 23, சனி

நீ அனுப்பியது காலை பத்துக்கு வந்தது. அவர் டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, போன் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். கட்டம் போட்டே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

பெயர்: ஆட்லின். மணி: 5.09. முன்னால்: வாத்துக்குக் கலர் பூசுகிறாள். அவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தடவுகிறார். அவளுக்கு வருகிறது. அவர் பதறவில்லை. உள்ளங்கையை அவள் தாடைக்குக் கீழே கொடுத்து, தலை மேசையில் இடிக்காமல் தாங்குகிறார். உதடு அசைகிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுகிறார். எவ்வளவு நேரம்: பன்னிரண்டு நொடி. பின்னால்: “ஒண்ணுமில்ல செல்லம், வாத்துக்கு மூக்கு பூசு.”

எனக்கு இப்படித் தாங்கத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பெயர்: கிங்ஸ்லி. மணி: 5.11. முன்னால்: எழுந்து, மௌஸைப் பிடித்து அன்றைய பதிவை அழிக்கிறார். பிறகு கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் இருக்கும் வயரைப் பிடுங்கக் குனிகிறார். பாதியில் நிற்கிறார். நாற்காலியில் மெதுவாகத் திரும்ப உட்காருகிறார். நீட்டிய கை காற்றில் நிற்கிறது. கண் திறந்திருக்கிறது. வாய் எதையோ சப்புகிறது. இன்னொரு கை சட்டைப் பொத்தானைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆட்லின் “அப்பா” என்கிறாள். இன்னொரு தடவை “அப்பா.” பிறகு கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிமேல் முட்டி போட்டு ஏறி, தன் உள்ளங்கையை அவர் தாடைக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொள்கிறாள். எண்ணுகிறாள். அவசரமில்லாமல், பழக்கப்பட்ட வேலையைச் செய்கிற மாதிரி. எவ்வளவு நேரம்: முப்பத்தெட்டு நொடி. பின்னால்: எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்க்கிறார். மூச்சு விடுகிறார். குனிந்து வயரைப் பிடுங்குகிறார். அதோடு படம் முடிகிறது.

பார்த்து முடித்ததும் என் போனிலிருந்து அழித்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. கை தானாகச் செய்தது. எடுத்து வைத்துக்கொண்டாயா என்று நீ கேட்டபோது, ஆமாம் என்று பொய் சொன்னேன்.

மதியம் மீன் குழம்பு. அவர் எழுந்து சாப்பிட்டார். முள் எடுத்து ஆட்லினுக்கு ஊட்டினார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றும் நேரங்கழித்துத்தான் எழுதுகிறேன். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் அனுப்புகிறேன், 18, 23ஆம் தேதிப் பக்கங்களையும் சேர்த்து.

ஆராதனைக்குப் போகவில்லை. ஆட்லினைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். வயரை ஏன் பிடுங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. மணிக்கட்டில் டீ சுட்ட தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னார். பிள்ளைக்கு இது என்று எழுத்தில் வந்துவிட்டால் அடுத்து அப்பாவுக்கு உண்டா என்று கேட்பார்களாம். கேட்டு எழுதிவிட்டால் அது கம்பெனி டாக்டர் வரைக்கும் போகும், பிறகு கிரேனில் ஏறவிட மாட்டார்கள். பெண் பிள்ளை, நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும், அதையும் சொன்னார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது அத்தைதான் சொல்ல வேண்டாம் என்றார்களாம். ஏழு வருடம் மெகர். நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன். தூக்கக் கலக்கம் என்று எழுதியிருக்கிறேன், நீயே வாசித்துப் பார்.

“இப்ப வரதில்ல பியூலா. மாத்திரை போடுதேன். மூணு வருசமா வரல.”

“முந்தாநேத்து வந்துச்சு.”

“யாரு சொன்னா?”

“வயரப் பிடுங்குறதுக்கு முன்னால. ஆட்லின் உங்க தாடையத் தாங்கிப் பிடிச்சிருந்தா.”

என்னை அடித்திருந்தால்கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது. தனக்கு வருகிற நேரத்தில் நடப்பது அவருக்குத் தெரியாதே. அவர் அவளுக்குச் செய்வதை அவள் திருப்பிச் செய்கிறாள் என்று யார் சொல்லியிருப்பார்கள்? சாயங்காலம் வந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மிட்டாயைச் சப்பிக்கொண்டே, அப்பா ஸ்டாச்சூ விளையாட்டு விளையாடுவாங்க, நான் பிடிச்சுக்கிடுவேன் என்றாள். எத்தனை தடவை என்று கேட்டதற்கு, நெறைய என்றாள்.

அவள் போனதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

“எவ்வளவு நேரம்?”

“முப்பத்தெட்டு.”

“அவளுக்குத்தான் இருபதுக்கு மேல எண்ண வராதே.”

“இருபது முடிஞ்சதும் திரும்ப ஒண்ணுலருந்து எண்ணுனா.”

எட்டு மணிக்கு வேலைச் சட்டையை இஸ்திரி போட்டார். நாளையிலிருந்து திரும்ப ஏ ஷிப்ட். காலை ஐந்துக்கு வேன் வரும். மேலே கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். கொக்கியில் தொங்குகிற ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் ஆள் நடமாடுவார்கள். அங்கே தாடையைத் தாங்க யாரும் கிடையாது. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

“நான் பாக்கணும். என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். பாத்துட்டுச் சொல்லுதேன், காலைல ஏறணுமா வேண்டாமான்னு.”

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது பன்னிரண்டரை. அவர் தூங்கவில்லை, ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அது அணைந்துதான் இருக்கிறது. டிபன் பை வாசல் கதவின் கொண்டியில் தொங்குகிறது. வியாழக்கிழமை மதுரையில் காட்டவும் அந்த ஒரே துண்டுதான் இருக்கிறது, பிள்ளைக்கும் அவருக்கும் சேர்த்து.

உனக்கு நாலு தடவை போன் செய்தேன். தூங்கியிருப்பாய். மூன்று நாள் இன்னும் முடியவில்லை, நாளை மாலைதான் முடிகிறது, இல்லையா? உன்னிடம் அது இன்னும் இருந்தால் திரும்ப அனுப்பு. இல்லாவிட்டால் இல்லை என்றாவது சொல். காலை ஐந்துக்கு வேன் வருவதற்கு முன்னால், சீக்கிரம் பதில் போடு மெகர்.